மற்றவை

இருபத்திரண்டு கேள்விகள்.
பூஜ்யம் என்றால் தேவை இல்லை.
ஒன்று என்றால் தேவை உண்டு, உதவி போகிறது.
இரண்டு என்றால் தேவை உண்டு, எதுவும் போகவில்லை.
ஒரே கேள்விக்கு அவர் ஓர் எண் சொல்வார்,
பக்கத்துக் கட்டத்தில் நான் ஓர் எண் போடுவேன்.
இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று
எந்த விதியும் இல்லை.

திரியெஸ்தேயில் போரா இறங்கிய மூன்றாம் நாள்.
மலையிலிருந்து வந்து
நிறுத்திய ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்த்துவிட்டுக்
கடலுக்குப் போகும் காற்று.
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
லிவியோ க்ரெவாதின், ஐம்பத்தெட்டு,
துறைமுகத்தில் காப்பி மூட்டை நிறுத்தவர்.
மணி அடித்தேன்.
கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியை
இழுக்கும் சத்தம், முதலில்.

வீடு?
"பூஜ்யம். கூரை இருக்கிறதே."
நான் ஒன்று. பாதி வாடகை எங்கள் மையத்துடையது.

சாப்பாடு?
"பூஜ்யம்."
அலமாரியில் மத்தி மீன் டப்பாக்கள் பதினான்கு,
பெயரெல்லாம் சுவரைப் பார்த்தபடி.
இரண்டு போட்டேன்.
என் ஃப்ரிட்ஜைத் திறந்து
இதுவரை யாரும் எண் போட்டதில்லை.

குரல்கள்?
"காற்றடிக்கும் நாளில் பேசுவதில்லை.
மரியாதை தெரிந்தவை."

அந்தரங்க வாழ்வு?
"இந்தக் கேள்வியை மட்டும்
எல்லாரும் வேகமாக வாசிக்கிறீர்கள்."

துணை?
"இரண்டு."
நான் அதற்குள் ஒன்று போட்டிருந்தேன்.
செவ்வாய் தோட்டம், வியாழன் சீட்டாட்டம்,
பதிவேட்டில் ஒரு வாரமும்
அவர் கையெழுத்து தவறியதில்லை.
"வருகிறேன்தான்," என்றார்.
"பஸ்ஸும்தான் வருகிறது."

படிவத்தின் அடியில் இரண்டு வரி இடம்: மற்றவை.
வேறு ஏதாவது உண்டா, லிவியோ?
எழுந்து போனவர்
தீப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
உள்ளே ஒரு சாவி.
"இந்த வீட்டின் இரண்டாம் சாவி.
கொடுத்துவைக்க ஆள் இல்லை."

மார்ச்சில் தீயணைப்புக்காரர்கள் உடைத்த நிலைக்கு
இன்னும் வண்ணம் பூசவில்லை,
புது மரம் தனியாகத் தெரிந்தது.
"நல்ல பையன்கள். பூட்ஸைத் துடைத்துவிட்டுத்தான்
உள்ளே வந்தார்கள்.
ஆனாலும்
உடைக்காமல் திறக்க
ஒருவர் இருக்கலாம்."

சாவி வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை.
எழுதிக்கொண்டேன்.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் ஒத்தாவியா கேட்டார்:
இது பாதுகாப்பில் வருமா, வீட்டில் வருமா?
துணையில் வருமோ என்றார் ஒருவர்.
ஒன்பது நிமிடம்.
மற்றவை என்ற கட்டத்தைக்
கணினி ஏற்றுக்கொள்வதில்லை என்று
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.
ஆறு வருடமாக அதில் எழுதிவந்திருக்கிறேன்.

புதன்கிழமை படிவம் இல்லாமல் ஏறினேன்.
யாரிடம் கொடுக்க ஆசை?
பெயர் தயாராக இருந்தது.
கீழே பாரில் காப்பி போடும் யத்ரான்கா.
"எப்படிக் கேட்பது என்றுதான்."

காற்று எங்களைச் சுவரோடு சுவராக நடக்கவைத்தது.
இருபது அடி தூரம், அவ்வளவுதான்.
கேட்பதை என்னிடம் விடவில்லை, அவரே கேட்டார்,
ஷூவைப் பார்த்துக்கொண்டு.
யத்ரான்கா கை துடைத்தாள்,
சாவியை வாங்கி
பால்காரரின் பில் குத்திய ஆணியில் மாட்டினாள்.
"ஒன்றரை யூரோ பாக்கி இருக்கிறது, லிவியோ.
அது வேறு கணக்கு."

ஆறு மாதம் கழித்து அதே இருபத்திரண்டு.
சாப்பாடு பூஜ்யம் என்றார்,
டப்பாக்கள் பதினொன்று.
துணை?
"இரண்டு."
இம்முறை நானும் இரண்டு போட்டேன்.
நிலைமை மோசமாகிவிட்டது என்று
வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு ஏறும்,
விளக்கம் கேட்பார்கள்.

என்ன சொல்வேன்?
மணி அடித்ததும் கதவு திறந்தது,
நாற்காலி
மேசையருகே இருந்தது என்றா?